வளர்ச்சிக்கு எதிர்ச்சொல் என்ன? ஆங்கிலம் படிக்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்கள், வெளிநாட்டு வேலைக்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதும் நர்ஸ்கள், மொழிபெயர்ப்பு பழகுபவர்கள் எல்லாரும் ஒரே பெஞ்சில்தான் உட்காருவார்கள். 'க்ரோத்' என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டு அவர்கள் கிளப்பிய கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். எழுத்துக்கூட்டலுக்கு அகராதியைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

சார், க்ரோத்துக்கு நேர் எதிர்ச்சொல் ஒன்றே ஒன்று சொல்லுங்கள், போதும்.

தேர்வுத் தாளில் நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அதில் 'டிக்லைன்' இருந்தால் அதைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

தேர்வுக்கு வெளியே அப்படி ஒரு சொல் இல்லை. தமிழில் மட்டும் இருக்கிறதா என்ன? பள்ளிக்கூடத்தில் வளர்ச்சி என்றால் தளர்ச்சி என்று எழுதி மதிப்பெண் வாங்கினோம். ஆனால் 'பயிர் தளர்ந்தது' என்று எந்த விவசாயியும் சொல்வதில்லை. பயிர் வாடும், குளம் வற்றும், செருப்பு தேயும், கை சூம்பும், வியாபாரம் நொடிக்கும். வளர்வது ஒரு மாதிரிதான். குறைவதற்குத்தான் நூறு வழி இருக்கிறது. ஆங்கிலத்திலும் இதே கதை. அதனால் யாராவது எதிர்ச்சொல் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது: எது குறைந்தது, எப்படிக் குறைந்தது? அதைத் தமிழில் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு ஆங்கிலச் சொல் பாதி கிடைத்த மாதிரி.

ஒரே ஒரு இடத்தில் இரண்டு மொழியிலும் நேர் எதிர் உண்டு. அது நிலா. வளர்பிறைக்குத் தேய்பிறை. ஆங்கிலத்தில் வளர்பிறைக்கு 'வாக்ஸ்', தேய்பிறைக்கு 'வெய்ன்'. இந்த வாக்ஸ், வளர்வதைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல். மெழுகுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வெய்ன் என்பதைப் பள்ளிக்கூட வேன் மாதிரி உச்சரிக்காதீர்கள். நிலாவைத் தாண்டி செல்வாக்கு, ஆர்வம், அதிகாரம் ஆகியவையும் வெய்ன் ஆகும். உடல் எடை ஆகாது.

டிக்லைன் என்றால் சரியாக என்ன?

லத்தீனில் சாய்வது, வளைந்து விலகுவது என்று பொருள். மேட்டிலிருந்து இறங்கும் சரிவை நினைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக, தொடர்ச்சியாக, தரமோ எண்ணிக்கையோ இறங்கினால் டிக்லைன். உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் பனையேறுபவர்கள் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்து வருவதற்கு இது கச்சிதமான சொல்.

ஒரு இடத்தில் மட்டும் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். 'அரசு விலையைக் குறைத்தது' என்பதை மொழிபெயர்த்த ஒரு தம்பி, அரசு விலையை 'டிக்லைண்டு' என்று எழுதியிருந்தார். அதற்கு 'அரசு அந்த விலையை ஏற்க மறுத்தது' என்று பொருளாகிவிடும். குறைவது என்ற பொருளில் டிக்லைன் தன்வினை. விலை தானாக டிக்லைன் ஆகலாம்; நாம் எதையாவது டிக்லைன் செய்தால் அது மரியாதையாக வேண்டாம் என்று சொல்வது. கல்யாண அழைப்பையோ வேலையையோ அப்படி மறுக்கலாம். குறைந்தது, குறைத்தது என்று தமிழில் ஒற்றை எழுத்தில் காட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அதற்குச் சொல்லையே மாற்ற வேண்டும். குறைத்தால் 'ரெட்யூஸ்'. குறைந்தால் டிக்லைன். இரண்டுக்கும் பொதுவாக 'டிக்ரீஸ்'.

மாவட்டம் சிறுத்துப் போச்சு என்பதற்கு டிக்லைன் போடலாமா?

கூடாது. அங்கே 'ஷ்ரிங்க்'. 1986-இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-இல் தென்காசி பிரிந்தது. வரைபடத்தில் திருநெல்வேலி மாவட்டம் சிறுத்தது, அவ்வளவுதான். 2011 கணக்கெடுப்பில் சுமார் 30.77 லட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை தென்காசி போனபிறகு அப்படியே இருக்க முடியாது. அதற்காக ஊர் கெட்டுப்போனது என்று பொருளில்லை. ஷ்ரிங்க் அளவைத்தான் பேசும். டிக்லைன் என்று எழுதினால் நிலைமை மோசமாகிவிட்டது என்ற தொனி வந்துவிடும்.

புதுச் சட்டையைத் துவைத்ததும் சுருங்குவதும் ஷ்ரிங்க்தான். அதன் இறந்தகாலம் 'ஷ்ராங்க்'. பிஸ்கட் பாக்கெட் விலை மாறாமல் உள்ளே இரண்டு பிஸ்கட் காணாமல் போகிறதல்லவா, அதற்கும் இதிலிருந்தே ஒரு சொல் செய்திருக்கிறார்கள்: 'ஷ்ரிங்க்ஃப்ளேஷன்'.

ஐஇஎல்டிஎஸ் தேர்வில் வரைபடத்தை விவரிக்கச் சொல்கிறார்கள். எல்லா இறக்கத்துக்கும் டிக்ரீஸ் என்றே எழுதுகிறேன். மதிப்பெண் ஏறவில்லையே?

ஏறாது. கோடு எப்படி இறங்குகிறது என்று பார்த்து எழுத வேண்டும்.

'டிப்' என்றால் முக்கி எடுப்பது. வடையைச் சட்னியில் முக்கினால் கையோடு மேலே வந்துவிடும் அல்லவா? கோடு சற்றே இறங்கி உடனே ஏறினால்தான் டிப். இறங்கியது இறங்கியபடி கிடந்தால் அந்தச் சொல் பொருந்தாது. 'ட்ராப்', 'ஃபால்' இரண்டும் பொதுச் சொற்கள். விற்பனையோ சந்தையோ திடீரெனப் படுத்துக்கொண்டால் 'ஸ்லம்ப்'. செங்குத்தாக விழுந்தால் 'பிளம்மெட்'. இந்தப் பிளம்மெட், கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தொங்கவிடும் தூக்குக்குண்டுதான். ஈயத்துக்கு லத்தீனில் பிளம்பம் என்று பெயர், அதிலிருந்து வந்தது. ஈயக் குண்டு விழுவதுபோல் விழுந்தால் மட்டும் இதை எடுங்கள். 52-லிருந்து 49-க்கு வந்ததற்கெல்லாம் பிளம்மெட் என்று எழுதிவைத்தால் திருத்துபவர் சிரிப்பார்.

அப்புறம், 'பை', 'டு' இரண்டையும் குழப்பாதீர்கள். பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி. 'அணை நீர்மட்டம் 20 அடி குறைந்தது' என்றால் 123 அடி மிச்சம் இருக்கிறது, கவலையில்லை. '20 அடியாகக் குறைந்தது' என்றால் பிசானப் பருவ நெல்லுக்குத் தண்ணீர் வருமா என்று ஊரே பேசும். முதலாவதுக்கு பை, இரண்டாவதுக்கு டு. தமிழில் 'ஆக' செய்யும் வேலையை அங்கே டு செய்கிறது. ஒரு வருடத்தில் நான் சிவப்பு மையால் அதிகம் திருத்துவது இதைத்தான்.

பயிர் விஷயத்தில் வில்ட், விதர், ஷ்ரிவல் மூன்றும் ஒன்றுதானே?

வயலுக்குப் போனவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள்!

'வில்ட்' என்பது வாடுவது. மத்தியான வெயிலில் கத்தரிச் செடி தலையைத் தொங்கப்போடுகிறது, சாயங்காலம் தண்ணீர் பாய்ச்சினால் நிமிர்ந்துவிடுகிறது. உயிர் இருக்கிறது, நீர்தான் இல்லை. 'விதர்' என்றால் அந்தக் கட்டம் தாண்டியாயிற்று, காய்ந்து கருகிவிட்டது. வானிலையைக் குறிக்கும் 'வெதர்' என்ற சொல்லுக்கு இது உறவு என்பார்கள். வெயிலும் காற்றும் பட்டுப் பட்டுக் காய்ந்து போவது என்று வைத்துக்கொள்ளலாம். 'ஷ்ரிவல்' தோலைப் பார்த்துச் சொல்வது: சுருங்கி, சுண்டி, சுருக்கம் விழுந்தது. திராட்சை உலர்ந்து கிஸ்மிஸ் ஆவது, நெல்லிக்காய் வற்றல் ஆவது.

அம்பாசமுத்திரம், களக்காடு பக்கம் வாழை போடுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 'வாடல் நோய்' என்று வேளாண் துறைத் துண்டறிக்கையில் இருப்பது ஆங்கிலத்தில் 'ஃபியூசேரியம் வில்ட்'. பூஞ்சை வேர் வழியாக ஏறி நீர்க்குழாய்களை அடைத்துவிடும். பெயரில் வில்ட் இருக்கிறதே என்று தண்ணீரைப் பாய்ச்சினால் நிமிராது. இலை கருகும் நோய்களுக்கு 'பிளைட்' என்று பெயர்.

இவை எல்லாமே வளர்ந்த பயிருக்கு நேர்வது. வளரவே விடாமல் குட்டையாக நிறுத்திவிட்டால் அது 'ஸ்டன்ட்'. வாழையில் முடிக்கொத்து நோய் வந்தால் இலைகள் உச்சியில் கொத்தாகக் குறுகி, மரம் அப்படியே நின்றுவிடும். சினிமா ஸ்டன்ட் மாஸ்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தொடர்பில்லாத வேறு சொல். வகுப்பில் இந்த இடத்தில் ஒருவராவது சிரிக்காமல் இருந்ததில்லை.

என்னைக் கேட்டால், க்ரோத்துக்கு மிகச் சரியான எதிர்ச்சொல் என்ற போட்டியில் ஸ்டன்ட்டுக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். டிக்லைன் வளர்ச்சிக்குப் பின்னால் வருவது. ஸ்டன்ட் வளர்ச்சியின் வாசலிலேயே குறுக்கே நிற்பது. ஆனால் எந்தத் தேர்வுத் தாளிலும் இது விடையாக வந்து நான் பார்த்ததில்லை.

தண்ணீர் குறைவதற்கு எத்தனை சொல்தான் இருக்கிறது?

தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! பொதிகையில் இறங்கி எட்டு அணைக்கட்டுகளைக் கடந்து புன்னைக்காயலில் கடலைத் தொடும் ஆறு, குறையும் எல்லா விதத்தையும் நமக்குக் காட்டிவிடுகிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு கரையை மீறி ஊருக்குள் வந்தது. பிறகு வெள்ளம் வடிந்தது. அந்த 'வடிதல்' ஆங்கிலத்தில் 'ரிஸீட்', அதாவது வந்த வழியே பின்வாங்குவது. கடையில் கொடுக்கும் ரசீதை நினைத்துக் குழம்ப வேண்டாம். வெள்ளம் 'சப்சைட்' ஆனது என்றும் எழுதலாம், அது அடங்கித் தணிவது. காய்ச்சல், காற்று, கோபம் எல்லாமே சப்சைட் ஆகும். நெற்றி முடி பின்னால் போவது மட்டும் ரிஸீட்தான். எனக்கு அது சப்சைட் ஆகாமல் நடந்துகொண்டே இருக்கிறது.

திருச்செந்தூரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் உள்வாங்கி, பாறைகள் வெளியே தெரியும். அந்த வற்றம் 'எப்'. மறுபடி ஏறும் என்ற உறுதி அதற்குள்ளேயே இருக்கிறது. கிணறு வற்றினால் 'ட்ரை அப்'. நாமே இறைத்து இறைத்து நிலத்தடி நீரைத் தீர்த்துவிட்டால் 'டிப்ளீட்'. யாரோ எடுத்ததால் குறைந்தது என்ற குற்றச்சாட்டு டிப்ளீட்டில் ஒளிந்திருக்கிறது, அதனால் கவனித்துப் பயன்படுத்துங்கள். குளம் தூர்ந்து போவதற்கு 'சில்ட் அப்'. கடலோர ஊர்களில் அலை கரையைத் தின்பது 'இரோஷன்'. நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்படுவதற்கும் இதே சொல்தான், தமிழிலும் அரிப்பு என்றுதானே சொல்கிறோம்.

ஒரே இடத்தில் பல சொல் வேண்டியிருப்பதற்குக் கொற்கையை வைத்துத்தான் பாடம் நடத்துவேன். பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் அது. பழைய கிரேக்கக் குறிப்புகளில் கொல்கை என்று வரும். தாமிரபரணி வண்டலைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கழிமுகம் தூர்ந்தது, கடல் விலகியது. வாணிகம் காயல் என்ற துறைமுகத்துக்கு நகர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்கோ போலோ வந்து பார்த்தது அந்தக் காயலைத்தான். அதுவும் தூர்ந்து, இன்னும் கிழக்கே புன்னைக்காயல் எழுந்தது. இன்றைக்குக் கொற்கைக்குப் போனால் வாழையும் வயலும்தான், கடல் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இதை ஒரு பத்தியாக எழுதச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் 'கொற்கை டிக்லைண்டு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பிரித்துப் பாருங்கள். கடல் ரிஸீட் ஆனது. துறை சில்ட் அப் ஆனது. வாணிகம் டிக்லைன் ஆனது. ஊர் ஷ்ரிங்க் ஆனது. நிலமோ வளர்ந்தது! வண்டல் சேர்ந்து கரை நீள்வதற்கு 'அக்ரீஷன்' என்று பெயர். நான்கு சொல் இறங்கும்போது ஐந்தாவது சொல் ஏறுகிறது, எல்லாம் ஒரே மண்ணால்.

ரிசெஷன், டிப்ரஷன், ஸ்லோடவுன். செய்தித்தாளில் மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்களே?

ஸ்லோடவுன் என்றால் வளர்ச்சி மெதுவாகிறது. 8 சதவீதம் வளர்ந்த பொருளாதாரம் அடுத்த வருடம் 4 சதவீதம் வளர்ந்தால் அது ஸ்லோடவுன், அவ்வளவுதான். இன்னமும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து கிளம்பிய பஸ் கயத்தாறு பக்கம் வேகம் குறைந்தால் பின்னால் வருகிறது என்று அர்த்தமா?

பின்னால் வந்தால்தான் 'ரிசெஷன்'. மேலே பார்த்த ரிஸீட்டும் இதுவும் ஒரே வேர். முன்னே செல்லும் ஊர்வலம் 'ப்ரொசெஷன்', பின்னே போவது ரிசெஷன். ஆனி மாதம் நெல்லையப்பர் தேர் வடம் பிடித்து முன்னால் இழுக்கப்படுவதை நினைத்துக்கொண்டால் இரண்டும் மறக்காது. தொடர்ந்து இரண்டு காலாண்டு உற்பத்தி சுருங்கினால் ரிசெஷன் என்று பொதுவாகக் கணக்கு வைக்கிறார்கள். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் இந்தியப் பொருளாதாரம் 23.9 சதவீதம் சுருங்கியதாக முதலில் அறிவித்தார்கள், அடுத்த காலாண்டுக்கு 7.5 சதவீதம் என்றார்கள். இரண்டும் சேர்ந்ததால் அந்தச் சொல் தலைப்புச் செய்தி ஆனது.

'டிப்ரஷன்' அதைவிட ஆழமானது, நீண்டது. 1929-இல் தொடங்கிய பெருமந்தத்தில், 1933-க்குள் அமெரிக்க உற்பத்தி நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது, ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவருக்கு வேலையில்லை. அதே சொல் மன அழுத்தத்துக்கும் வரும், வானிலை அறிக்கையிலும் வரும். வங்கக் கடலில் டிப்ரஷன், அதாவது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், உருவானால் பங்குச் சந்தைக்காரர் பயப்பட வேண்டியதில்லை, நமக்குப் பிசானத்துக்கு மழை.

விலைவாசியிலும் இதே பொறி உண்டு. பணவீக்கம் 6 சதவீதத்திலிருந்து 4 ஆனால் விலை குறைந்தது என்று மொழிபெயர்த்து விடுகிறார்கள். விலை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, ஏறும் வேகம்தான் தணிந்திருக்கிறது. அதற்கு 'டிஸ்இன்ஃப்ளேஷன்'. விலையே பரவலாக இறங்கினால்தான் 'டிஃப்ளேஷன்'. மக்கள்தொகைச் செய்திகளிலும் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவருக்குச் சராசரி 1.8 குழந்தை என்று வந்தது. ஒரு தலைமுறையை அடுத்த தலைமுறை ஈடுகட்ட 2.1 வேண்டும். குறைந்தது பிறப்பு விகிதம். அதனாலேயே தலைக்கணக்கு அந்த வருடமே குறைந்துவிடாது.

ஆபீஸில் 'விற்பனை டீக்ரோ ஆனது' என்கிறார்கள். அப்படி ஒரு சொல் உண்டா?

நம் நாட்டுக் கம்பெனி அறிக்கைகளில் தாராளமாக உண்டு. லண்டனில் சொன்னால் புருவத்தைத் தூக்குவார்கள். 'நெகட்டிவ் க்ரோத்' என்பதும் இதே குடும்பம்தான். குறைந்தது என்று வாய்விட்டுச் சொல்ல மனம் வராதவர்கள் கண்டுபிடித்தது. தேர்வில் எழுதாதீர்கள். மேலதிகாரி எழுதினால் திருத்தாதீர்கள்.

'டிக்ரோத்' என்ற பெயர்ச்சொல் வேறு. அது ஒரு கொள்கை. பூமி தாங்காது, உற்பத்தியையும் நுகர்வையும் வேண்டுமென்றே குறைத்துக்கொள்வோம் என்கிறவர்களின் சொல். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஆந்த்ரே கோர்ஸ் 1972-இல் பிரெஞ்சு மொழியில் பயன்படுத்தியதிலிருந்து வளர்ந்தது.

டாக்டர் 'க்ரோத் இருக்கு' என்றால் நல்லதா கெட்டதா?

எங்கள் தெருவில் ஒரு ஆச்சி, ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து, "ஐயா, க்ரோத்துன்னு போட்டிருக்கு, வளர்ச்சிதானே, நல்லதுதானே?" என்று கேட்டார்கள். எப்படிச் சொல்வது என்று கொஞ்ச நேரம் திணறினேன். மருத்துவத்தில் க்ரோத் என்றால் கட்டி என்றும் பொருள். அங்கே எதிர்ச்சொற்கள்தான் நல்ல செய்தி. கட்டி சுருங்கினால் 'ரிக்ரெஷன்', நோய் தணிந்தால் 'ரெமிஷன்'. ஆச்சிக்கு அது சாதாரணக் கட்டிதான் என்று பிறகு தெரிந்தது.

தசையோ உறுப்போ மெலிவது 'அட்ரஃபி'. கிரேக்கத்தில் ஊட்டம் இல்லாதது என்று பொருள். எலும்பு முறிந்து மாவுக்கட்டு பிரித்த பிறகு கை சூம்பியிருக்கிறதே, அது. அதன் எதிர் 'ஹைப்பர்ட்ரஃபி'. ஜிம்முக்குப் போகிற பையன்களுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்கும்.

குழந்தைகள் வளர்ச்சியைப் பற்றிய அறிக்கைகளில் 'ஸ்டன்டிங்', 'வேஸ்டிங்' என்று இரண்டு வரும். வயதுக்கேற்ற உயரம் இல்லாவிட்டால் ஸ்டன்டிங், நீண்டகால ஊட்டக்குறைவின் அடையாளம். உயரத்துக்கேற்ற எடை இல்லாவிட்டால் வேஸ்டிங், அண்மையில் வந்த குறைவு. மேலே சொன்ன அதே கணக்கெடுப்பில் இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேருக்கு முதலாவது, 19.3 சதவீதம் பேருக்கு இரண்டாவது. வேஸ்ட் என்றால் குப்பை என்று மொழிபெயர்த்து ஒரு நர்ஸ் தங்கை என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறார். உடல் உருகி மெலிவது என்று எழுத வேண்டும்.

கணக்கில் க்ரோத்துக்கு எதிர் டிகே என்று வருகிறதே, அது பல் சொத்தைதானே?

இரண்டுமே. 'டிகே' என்றால் சிதைவு, அழுகல். பல்லும் மரமும் பழைய கட்டடமும் டிகே ஆகும். கணிதத்தில், இருப்பதில் ஒரு குறிப்பிட்ட பங்கு ஒவ்வொரு காலத்திலும் குறைந்துகொண்டே போனால் அதற்கும் டிகே. கூட்டுவட்டியைத் திருப்பிப் போட்ட மாதிரி. அணுக்கதிர் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். கூடங்குளத்தில் 1000 மெகாவாட் உலைகள் இரண்டு ஓடும் மாவட்டத்தில் இந்தச் சொல் தெரிந்திருக்க வேண்டாமா? அணு உலைக் கழிவில் இருக்கும் சீசியம்-137 பாதியாக ஏறத்தாழ 30 வருடம் ஆகும். 60 வருடத்தில் முழுதும் போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. கால்வாசி மிச்சமிருக்கும்.

ட்விண்டில், டிமினிஷ்?

'ட்விண்டில்' எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஒன்றிரண்டு என்று ஆவது. பத்தமடையில் புவிசார் குறியீடு பெற்ற கோரைப்பாயை, அதிலும் மெல்லிய பட்டுப்பாயை நெய்யும் கைகள் அப்படித்தான் அருகி வருகின்றன. தமிழில் 'அருகுதல்' என்பது இதற்கு அச்சு அசல் சொல். 'டிமினிஷ்' அளவும் மதிப்பும் குறைவது. 'டிமினிஷிங் ரிட்டர்ன்ஸ்' என்று பொருளாதாரத்தில் வந்தால் நிதானியுங்கள். முதல் மூட்டை உரத்துக்குக் கிடைத்த கூடுதல் விளைச்சல் இரண்டாவது மூட்டைக்குக் கிடைப்பதில்லை. மொத்த விளைச்சல் குறையவில்லை, ஒவ்வொரு மூட்டைக்கும் கூடுவது குறைகிறது.

'க்ரோ வீக்' என்று படித்தேன். வளர்ந்து பலவீனம் ஆவதா? அதெப்படி?

எனக்குப் பிடித்த கேள்வி இது. ஆங்கிலத்தில் க்ரோ என்ற வினைக்கு 'ஆவது' என்றும் பொருள். க்ரோ ஓல்டு, க்ரோ தின், க்ரோ ஸ்மால். சிறியதாக 'வளரலாம்'! ஆக, வளர்ச்சிக்கு எதிரானதைச் சொல்லவும் வளர்ச்சிச் சொல்லையே கடன் வாங்குகிறார்கள்.

நாம் வேறு வழியில் போகிறோம். காய்ந்து போச்சு, வற்றிப் போச்சு, தேய்ந்து போச்சு, நொடித்துப் போச்சு. குறைவதெல்லாம் நம்மை விட்டுப் போகிறது. வளர்ந்து வருகிறது, தேறி வருகிறது, கூடி வருகிறது. நல்லதெல்லாம் நம்மை நோக்கி வருகிறது. நான் ஒரு வார்த்தையும் சொல்லிக்கொடுக்காமல் இதை நீங்கள் எல்லாரும் சரியாகவே பேசுகிறீர்கள். இந்தப் 'போ' வேலையை ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'அவே' செய்கிறது: விதர் அவே, வேஸ்ட் அவே, ஃபேட் அவே. முழுதாக அற்றுப் போனால் 'அவுட்': டை அவுட். காய்ந்து தீர்வதற்கு 'ட்ரை அப்' என்று மேலே போகும் சொல்லை ஏன் வைத்தார்கள் என்று கேட்பீர்கள். இந்த 'அப்' மேலே போவது இல்லை, முற்றிலும் என்று பொருள். தின்று தீர்ப்பதும் ஈட் அப்தான்.

"நீங்க நல்லா ரெட்யூஸ் ஆயிட்டீங்க" என்பது சரியான ஆங்கிலமா?

தமிழுக்குள் சரி. ஆங்கிலத்தில் எடையை இழந்தீர்கள் என்று, 'லாஸ்ட் வெயிட்' என்றுதான் சொல்வார்கள். 'வியாபாரம் டல்' என்பது நம் கடைத்தெருவில் நன்றாக ஓடுகிறது. வெளியிலிருப்பவருக்கு எழுதும்போது 'ஸ்லோ' என்று மாற்றிக்கொள்ளலாம்.

என் அப்பா சென்னையில் வைத்திருந்த மூன்று கடைகளில் இரண்டை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். வங்கிப் படிவத்தில் தொழில் 'டிக்லைண்டு' என்று எழுதினேன். அப்பா சண்டை போடுகிறார். என்ன எழுதுவது?

இந்தத் தம்பியின் அப்பாவை எனக்குத் தெரியும். நம் ஊர்ப்பக்கத்திலிருந்து சென்னைக்குப் போய் மளிகைக் கடை போட்ட எத்தனையோ அண்ணாச்சிகளில் ஒருவர். படிவத்தை எடுத்துக்கொண்டு அவரே மாடியேறி வந்துவிட்டார். "சார், என் யாவாரம் ஒண்ணும் கொறைஞ்சு போகல. நானா கொறைச்சுக்கிட்டேன். ரெண்டு கடைய மச்சினன் கையில கொடுத்துட்டு, இங்க தச்சநல்லூர்ல ஒரு கடை போதும்னு வந்தேன். இவன் என்னமோ நொடிச்சுப் போன மாதிரி எழுதி வச்சிருக்கான்."

அண்ணாச்சி சொன்னது இலக்கணப்படியும் சரி. குறைந்து போவது ஒன்று, குறைத்துக்கொள்வது இன்னொன்று. 'போ' இருந்த இடத்தில் 'கொள்' வந்ததும் பொறுப்பு நம் கைக்கு வந்துவிடுகிறது. இதற்கு டிக்லைன், ஷ்ரிங்க், ஸ்லம்ப் எதுவும் ஆகாது. 'ஸ்கேல் டவுன்', 'கட் பேக்' இரண்டில் ஒன்றைப் போடலாம். படிவத்தில் டிக்லைண்டு என்பதை அடித்துவிட்டு 'ஸ்கேல்டு டவுன்' என்று எழுதி, பக்கத்தில் 'சொந்த விருப்பப்படி' என்பதற்கான ஆங்கிலத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். அண்ணாச்சி அதை மகனை விட்டு இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.